புகுதலும் மீளுதலும்

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், அவிஞோன் என்னும் பழைய நகருக்குக் கிழக்கே, வோக்ளூஸ் என்றொரு பள்ளத்தாக்கு உளது. அடைபட்ட பள்ளத்தாக்கு என்பதே அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப அதன் கோடியில் 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறைச் சுவர் ஒன்று வழிமறித்து நிற்கின்றது. அச்சுவரின் அடியில் ஒரு குகைவாய். அதனுள் மரகதம் போன்ற நீர் நிறைந்த குளம். கோடையில் அந்நீர் அசைவற்றுத் தாழ்ந்து கிடக்கும். பனி உருகி மழையும் பெய்யும் இளவேனிற் காலத்தில் அதுவே பொங்கி எழுந்து, பாறைகளின்மேல் நுரைத்து வீழ்ந்து, சோர்க் என்னும் ஆறாகப் பெருகி ஓடும். பிரான்சு நாட்டு ஊற்றுகளுள் இதுவே மிகப் பெரியது. இத்தாலியக் கவிஞராகிய பெத்ரார்க்கா 14ஆம் நூற்றாண்டில் இவ்விடத்தின் அழகில் ஈடுபட்டுப் பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார்.

இத்துணை நீரும் எங்கிருந்து வருகின்றது? சுற்றியுள்ள மலைகளும் மேட்டு நிலங்களும் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அங்கே பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஓடையாகி ஓடுவதில்லை; பாறை வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கிவிடுகின்றது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத் தன்மை பெற்ற அந்நீர், பன்னெடுங்காலமாகப் பாறையைக் கரைத்துத் தனக்கு வழி அமைத்துக் கொண்டது. நம் வீட்டில் கிணற்று நீரைப் பலகால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதும் நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பேயாகும்.

இவ்வாறு நிலத்தின் கீழ் நெடுந்தொலைவு செல்லும் குகையைக் குறிக்கத் தமிழில் பிலம் என்னும் சொல் உண்டு. கம்பர் காவியத்தில் ஒரு படலத்தின் பெயர் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்பது. பெயரிட்டவர் யாவரேயாயினும், புகுந்ததை மட்டும் கூறி நிறுத்தாமல், நீங்கியதையும் உடன் சேர்த்தனர். தமிழ் கற்பித்து வாழ்ந்த எனக்கு நீர் நிறைந்த பிலங்களைப் பற்றிப் படிப்பதில் எவ்வாறு ஆர்வம் உண்டாயிற்று என்று கேட்போர்க்கு நான் இப்பெயரையே காட்டுவது வழக்கம். பிலத்துள் மூழ்குவோர் செய்யும் ஏற்பாடுகளுட் பெரும்பான்மையும் நீங்குவதற்கு உரியவை. புகுவதற்குக் காலும் கையும் போதும்.

வோக்ளூஸ் ஊற்றின் ஆழத்தைக் காண மக்கள் நெடுங்காலமாகவே விழைந்தனர். 1878ஆம் ஆண்டில் ஒத்தொனெல்லி என்பவர் தலைக்கவசம் பூண்டு, கரையிலிருந்து குழாய் வழியே வந்த காற்றை மூச்சாகக் கொண்டு, 23 மீட்டர் வரை இறங்கினார். 1943ஆம் ஆண்டில் கடற்படை அதிகாரியாகிய குஸ்தோ என்பவரும் கான்யான் என்னும் பொறியறிஞரும் புதியதொரு மூச்சுக் கருவியை அமைத்தனர். அழுத்தி அடைத்த காற்று நிறைந்த உருளைகளை முதுகில் சுமந்து, அதனோடு இணைந்த ரப்பர்த் துண்டினைப் பல்லால் கவ்விக்கொண்டால், மூச்சு இழுக்குந்தோறும் வேண்டிய அளவு காற்று வரும். இதனால் மனிதன் கரைக்குழாயின் கட்டினின்று விடுபட்டான். காற்றைத் தானே எண்ணிச் செலவிட வேண்டிய பொறுப்பும் அன்றே அவன் தலைமேல் ஏறிற்று.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் குஸ்தோவும் அவர்தம் தோழர்களும் தூலோன் துறைமுகத்திலிருந்து வந்து அக்குளத்தின் கரையில் இறங்கினர். தாயியே, துமா, ஃபார்கு, மொராந்தியேர் என்போர் உடன் வந்தவர்கள். அவர்கள் செய்த ஏற்பாட்டினைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பே மிகுகின்றது. நீண்ட கயிறு ஒன்றின் நுனியில் கனத்த இரும்புக் கட்டியைப் பிணைத்து ஆழத்தில் இறக்கினர். அக்கயிற்றின் மேல்முனையைப் பற்றி நிற்கும் பணி ஃபார்குவினுடையது. நீருக்கடியில் இருப்போர் பேசவியலாதாகலின், கயிற்றை இழுக்கும் எண்ணிக்கையே அவர்கள் மொழி ஆயிற்று. ஒருமுறை இழுத்தால் சிக்கலை விடுவிக்க வேண்டும்; மும்முறை இழுத்தால் மேலும் கயிறு விடவேண்டும்; ஆறுமுறை இழுத்தால் விரைந்து மேலே தூக்க வேண்டும். முதலில் இறங்கிய குஸ்தோவும் துமாவும் தம்முள் பிரியாதிருக்கச் சிறு கயிற்றால் தம்மைப் பிணைத்துக் கொண்டனர். நீர்புகா விளக்குகளும் உடன் சென்றன.

46 மீட்டர் அளவு ஆழத்தில் இருவர்க்கும் அறிவு மயங்கலாயிற்று. குஸ்தோவுக்குத் தலை கனத்தது. வந்த வழி எது என்பது புலப்படவில்லை. துமாவின் நிலை அதனினும் கொடிது. அவர் உடை நீர் புகுந்து கனத்தது. வாயிலிருந்த மூச்சுத் துண்டும் நழுவத் தொடங்கிற்று. நண்பரையும் இழுத்துக்கொண்டு குஸ்தோ கயிற்றைப் பற்றி, கை மாற்றிக் கை மாற்றி மேலேறத் தலைப்பட்டார். அங்கேதான் ஒரு விபரீதம் நேர்ந்தது. அவர் ஏறுவதனால் உண்டான அசைவினை, மேலும் கயிறு வேண்டும் என்ற குறிப்பாக ஃபார்கு கொண்டார். கீழே ஏற ஏற, மேலிருந்து கயிறு இறங்கிக்கொண்டே வந்தது. நன்கு ஆராய்ந்து அமைத்த மொழியும் பேசுவோன் மயங்கியபோது பொருள் மாறுபட்டது.

உண்மையை உணர்ந்த குஸ்தோ, தொய்ந்து கிடந்த கயிற்றை ஒருவாறு இழுத்து நிமிர்த்தி, ஆறு முறை அசைத்தார். அவ்வசைவு பாறையில் உராய்ந்து, மெலிந்து, மேலே எட்டிற்று. அது குறிப்புத்தானா என்று ஃபார்கு ஐயுற்றார். ஆயினும், காரணமின்றி இழுத்ததாயின் நண்பர் வந்து ஏசட்டும் என்று துணிந்து இழுக்கத் தொடங்கினார். இருவரும் உயிரோடு மேலே வந்தனர். உலகம் குஸ்தோவின் பெயரை அறியும். நானோ இந்த ஃபார்குவையே பெரிதும் நினைக்கின்றேன். மறு ஆண்டில், 1947இல், 120 மீட்டர் ஆழம் இறங்கிய முயற்சி ஒன்றில் அவர் உயிர் நீத்தார். அன்று கயிற்றின் கீழ்முனையில் இருந்தவர் அவர்.

அதன் பின்னும் அன்றைய தினமே தாயியேயும் மொராந்தியேரும் இறங்கினர். அவர்களுக்கும் அதே மயக்கம் உற்றது, இடர்ப்பட்டு மீண்டனர். ஆழத்தில் நைட்ரஜன் வாயு மூளையை மயக்கும் என்பது முன்னரே அறிந்த செய்தி. ஆனால் அவர்கள் கடலில் இதே ஆழத்தில் தெளிவாக உலவியவர்கள். எனவே காரணம் வேறு இருக்க வேண்டும் என்று உருளையில் எஞ்சிய காற்றைச் சோதித்தனர். அதில் 2,000இல் ஒரு பங்கு கார்பன் மானாக்ஸைடு கலந்திருந்தது. உருளைகளை நிரப்பிய புதிய காற்றழுத்தப் பொறி, தன் எண்ணெய்ப் புகையைத் தானே உறிஞ்சி, நல்ல காற்றோடு கலந்து அடைத்துவிட்டது!

கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியில் புகுந்து, பிராணவாயு அமரவேண்டிய இடத்தைக் கைப்பற்றிக் கொள்ளும். நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுமாதலால், 46 மீட்டரில் மூழ்குவோன் ஒவ்வொரு மூச்சிலும் நிலத்தில் கொள்வதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு காற்றை உட்கொள்கின்றான். நஞ்சும் அவ்வாறே ஆறு மடங்காகின்றது. கயிற்றையும் விளக்கையும் இரும்பையும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தவர்கள், கண்ணுக்குப் புலனாகாத ஒன்றினால் சாவின் வாயில் வரை சென்றனர்.

அவ்வூற்றின் அடி அவர்களுக்குப் புலப்படவில்லை. 1983இல் ஜெர்மானியராகிய ஹாசன்மையர் 205 மீட்டர் வரை சென்றார். 1985இல் ஆளில்லா இயந்திரம் ஒன்று 308 மீட்டரில் மணற்படுகையைத் தொட்டது. இவ்வெண்களைப் போற்றுவோர் பலர். எனக்கு இவற்றில் அத்துணை ஈடுபாடு இல்லை.

அதனினும் நான் விரும்பிக் கேட்பது இக்காலத்தில் பிலம் புகச் செல்லும் சாதாரணக் குழுக்களின் செய்தி. பிரான்சின் தென்மேற்கே லோத் என்னும் ஆற்றுப் பகுதியிலும் இத்தகைய சுண்ணாம்பு மேடுகள் உள. அங்கே செலே ஆற்றின் படுகையிலேயே ரெஸ்ஸெல் என்னும் பிலத்தின் வாய் திறந்திருக்கின்றது. இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து ஆறேழு பேராகச் சேர்ந்து, வண்டிகளில் பொருள்களை ஏற்றிக்கொண்டு வருவர். ஒருவனுக்கு ஓர் உருளை போதாது, இரண்டு வேண்டும், தொலைவு செல்வோர்க்கு மேலும் பல வேண்டும். மூச்சை அளந்து தரும் கருவியும் இரண்டு. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று. விளக்கு மூன்று. குளிர் தாங்கும் நீர்புகா உடை, ஈயக் கட்டிகள், காற்றழுத்தப் பொறி, பிராணவாயு உருளைகள் யாவும் ஊர்தியில் ஏறும். இவற்றோடு ஒரு சிறு பெட்டியில் விரற்கடை அளவுள்ள ரப்பர் வளையங்கள் இருக்கும். உருளைக்கும் மூச்சுக் கருவிக்கும் இடையே அவ்வளையம் ஒன்று தேய்ந்துவிட்டால் காற்றுக் கசியும். நூற்றுக்கணக்கான கல் வந்த பயணம் ஆற்றங்கரையிலேயே முடிந்துவிடும். ஆகலின் பெட்டியைக் காப்பவனுக்குக் குழுவில் நல்ல மதிப்புண்டு.

பிலத்துள் செல்வோர் திறந்த நீரிலிருந்தே ஒரு நூற்கயிற்றைத் தொடர்ச்சியாக இட்டுச் செல்வர், அல்லது முன்பே இட்டிருக்கும் கயிற்றைப் பின்பற்றுவர். அதில் இடையிடையே அம்பு வடிவான குறிகள் பொருத்தப்படும். அம்பின் முனை எப்போதும் வெளிவாயிலையே காட்டும். உள்ளே செல்லும் வழியை எந்த அம்பும் காட்டுவதில்லை. தரையிலுள்ள வண்டல் ஒரு காலசைவில் கலங்கி எழுந்தால் மூன்று விளக்கும் பயன்படா. அப்போது கயிற்றைக் கையால் தடவி அம்பின் முனையை விரலால் அறிந்து வெளியேற வேண்டும். மார்சேய் நகருக்கு அருகே கடலுக்குள் 37 மீட்டர் ஆழத்தில் வாயுள்ள கொஸ்கேர் குகை, பழங்கால மனிதர் தீட்டிய ஓவியங்களால் புகழ் பெற்றது. அதன் நெடுவழியில் 1991இல் மூவர் வெளிவர இயலாது மாண்டனர்.

காற்றின் கணக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது. உருளையில் 210 அளவு அழுத்தம் இருந்தால், 70 செலவானவுடன் திரும்பிவிட வேண்டும். திரும்புவதற்கு 70, எஞ்சிய 70 தனக்கன்று, தோழனுக்கு இடர் வந்தால் இருவரும் பகிர்ந்து வெளியேறுவதற்கு. குழுவில் எவனுடைய பங்கு முதலில் தீர்கின்றதோ அவன் திரும்பும்போதே அனைவரும் திரும்புவர். காற்றுத் தீராமலே ஒருவன் மனத்தில் அச்சமோ சோர்வோ தோன்றினாலும் அவன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டலாம். ஏன் என்று எவரும் அங்கே வினவுவதில்லை. முன்னே எத்துணை அழகிய மண்டபம் இருப்பினும் அப்படியே திரும்புகின்றனர்.

வெளியே வந்தபின் வெற்றுருளைகளைத் தோளில் சுமந்து கரையேறி, உடைகளை உலர்த்திவிட்டு, மறுநாளுக்காக மாலையில் உருளைகளை நிரப்பத் தொடங்குவர். அதற்குமுன் ஒருவன் காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்று நின்று பார்க்கின்றான். பிறகு பொறியின் புகை செல்லும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, உறிஞ்சு குழாயைத் தொலைவில் இழுத்துச் சென்று, அதன் வாயை உயரத்தில் கட்டி வைக்கின்றான்.