டோக்கெலாவ்: பதினாறு வாக்குகளில் நின்றுபோன விடுதலை

இணையத்தில் சில காலம் உலாவியவர்கள் 'டாட் டிகே' என்று முடியும் முகவரிகளைப் பார்த்திருப்பார்கள். காசு கொடுக்காமல் முகவரி வேண்டும் என்றால் அந்த நாட்களில் பலரும் முதலில் போன இடம் அதுதான். உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் அந்த முகவரிகள் வழங்கப்பட்டன. 2023ல் புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. ஆனால் அந்த 'டிகே' எந்த நாட்டின் சுருக்கம் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

அது டோக்கெலாவ். பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் மூன்று சிறு பவளத் தீவுகள். மொத்த மக்கள் ஏறத்தாழ 1,500 பேர். நம் ஊர்ப் பக்கம் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையே அதைவிட அதிகமாக இருக்கும்! ஆனால் இந்த 1,500 பேரின் கதையில் பெரிய நாடுகளும் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 'உங்களுக்குச் சுயாட்சி வேண்டுமா?' என்று இரண்டு முறை கேட்டும், தேவையான அளவு வாக்குகளை அவர்கள் தரவில்லை. ஏன்?

எங்கே இருக்கிறது?

உலக வரைபடத்தில் நியூசிலாந்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வடக்கே, வடகிழக்காக நகர்ந்தால் சமோவா வரும். சமோவாவிலிருந்து இன்னும் வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால் டோக்கெலாவ். பல வரைபடங்களில் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது.

அத்தாஃபு, நுக்குநோனு, ஃபக்காவோஃபோ என்பவை மூன்று தீவுகளின் பெயர்கள். ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தீவல்ல, ஒரு வளையம். நடுவில் அமைதியான உப்புநீர் ஏரி. அதைச் சுற்றி மாலை கட்டியதுபோல் சின்னச் சின்னத் திட்டுகள். இதைப் பவள வட்டத்தீவு என்று புவியியல் நூல்கள் சொல்லும். மூன்று வளையங்களின் நிலப்பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 10 முதல் 12 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அவர்களுக்குரிய பொருளாதாரக் கடற்பரப்பு மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். நிலத்தில் ஏழைகள், நீரில் பணக்காரர்கள் என்று சொல்லலாம்.

நிலம் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே கொண்டது. மலை இல்லை, ஆறு இல்லை, ஓடை இல்லை. மண் என்று சொல்வதும் பவளத் தூள்தான். தென்னை, ஈரப்பலா, தாழை, பள்ளம் தோண்டி வளர்க்கும் ஒருவகைச் சேம்பு, இவைதான் விளையும். குடிக்க மழைநீர். 2011ல் மழை பொய்த்தபோது குடிநீர் தீர்ந்துபோகும் நிலை வந்து, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் குடிக்கும் தண்ணீர் வெளியிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது.

விமான நிலையம் கிடையாது. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவிலிருந்து கப்பல் ஏறினால் ஒரு முழு நாளுக்கும் மேலாகும். கப்பல் வந்து நிற்கவும் பெரிய துறைமுகம் இல்லை. வெளியே கடலில் கப்பல் நிற்க, பவளப் பாறையின் இடைவெளி வழியே சிறு படகுகளில் ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் இறக்குவார்கள். ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் இடையிலேயே 60 முதல் 90 கிலோமீட்டர் திறந்த கடல்.

இந்தக் கடல் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம். 2010 அக்டோபரில் அத்தாஃபுவைச் சேர்ந்த மூன்று சிறுவர்கள் ஒரு சிறிய படகில் போனபோது அலையில் அடித்துச் செல்லப்பட்டார்கள். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஊரில் அவர்களுக்காக இரங்கல் வழிபாடும் நடந்து முடிந்தது. ஐம்பது நாட்கள் கழித்து, ஃபிஜிக்கு வடகிழக்கே ஒரு சூரை மீன்பிடிக் கப்பல் அந்தப் படகைக் கண்டது. மூவரும் உயிரோடு இருந்தார்கள்! தேங்காயும் மழைநீரும் பச்சை மீனும் ஒரு கடற்பறவையும் அவர்களைக் காப்பாற்றியிருந்தன.

கடந்து வந்த பாதை

டோக்கெலாவ் மக்கள் பாலினீசியர். மொழியும் டோக்கெலாவ்தான். சமோவா, துவாலு மொழிகளுக்கு நெருங்கிய உறவு. படகு ஓட்டிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் பல நூற்றாண்டுகள் அவர்கள் வாழ்ந்தார்கள்.

1863ல் பெரும் அழிவு வந்தது. பெருவிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்து ஏறத்தாழ 250 பேரை ஏற்றிச் சென்றன. அன்றைய மக்கள்தொகையில் அது பாதிக்கு நெருக்கம். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. போனவர்களில் பலர் உடல் வலுவுள்ள ஆண்கள். மிஞ்சியவர்களை வைத்துத்தான் ஊர்கள் மறுபடி எழுந்தன.

பின்னர் 1889ல் பிரிட்டன் பாதுகாப்பு என்ற பெயரில் கொடி ஏற்றியது. 1916ல் கில்பர்ட், எல்லிஸ் தீவுகளின் காலனியோடு சேர்த்தது. பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்து பிரித்து நிர்வாகத்தை நியூசிலாந்திடம் கொடுத்தது. 1949ன் தொடக்கத்தில் டோக்கெலாவ் நியூசிலாந்தின் பகுதியே ஆகிவிட்டது. மக்களுக்கு நியூசிலாந்துக் குடியுரிமையும் கிடைத்தது. பண்பாட்டில் டோக்கெலாவோடு சேர்ந்த ஒலோஹெகா என்ற நான்காவது தீவு 1925ல் அமெரிக்கா வசம் போனது. 1980ல் கையெழுத்தான உடன்படிக்கையில் அதன்மீதான உரிமையை டோக்கெலாவ் விட்டுக்கொடுத்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று புரியும். யாரிடம் சேர்ப்பது, யாரிடமிருந்து பிரிப்பது என்று முடிவெடுத்தவர்கள் எல்லாம் வெளியில் இருந்தவர்கள். தீவுக்காரர்களிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் நாள் வருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மக்களும் பங்கும்

டோக்கெலாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு சொல் போதும்: 'இனாட்டி'. பங்கு என்று பொருள் கொள்ளலாம். ஊர் சார்பில் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பினால், பிடித்த மீன் படகுக்காரருக்குச் சொந்தமில்லை. கரையில் கொட்டி, குடும்பம் குடும்பமாக, தலைக்கணக்குப் பார்த்துப் பிரிப்பார்கள். கடலுக்குப் போக முடியாத கிழவிக்கும் பங்கு உண்டு. பிறந்த குழந்தைக்கும் பங்கு உண்டு. வலை வீசியவனுக்கும் வீட்டில் படுத்திருந்த நோயாளிக்கும் பங்கில் வேறுபாடு இல்லை.

இதனால் அங்கே பணக்காரன் ஏழை வித்தியாசம் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. மாதச் சம்பளமும், கடையில் வாங்கும் அரிசியும், டின்னில் அடைத்த இறைச்சியும் வந்த பிறகு வாழ்க்கை மாறியிருக்கிறது. ஆனாலும் இனாட்டி மறையவில்லை.

சமயத்தைப் பொறுத்தவரை எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிவிடலாம். அத்தாஃபுவில் புராட்டஸ்டண்ட் சபை, நுக்குநோனுவில் கத்தோலிக்கம், ஃபக்காவோஃபோவில் இரண்டும். ஞாயிறு முழு ஓய்வு. விளையாட்டு என்றால் 'கிலிகிட்டி'. வேறொன்றும் இல்லை, நம் கிரிக்கெட்டின் தீவு உறவினன்தான். பதினொரு பேர் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. ஊரே இறங்கி ஆடும்.

ஒவ்வொரு தீவிலும் ஒரு பள்ளி, ஒரு சிறு மருத்துவமனை. பெரிய நோய் என்றால் கப்பல் ஏறி ஆப்பியாவுக்குப் போகவேண்டும். மேல்படிப்புக்கும் வேலைக்கும் நியூசிலாந்து. 1966ல் வீசிய புயலுக்குப் பிறகு நியூசிலாந்து அரசே குடும்பங்களை அழைத்துக் குடியமர்த்தியது. அப்படித் தொடங்கிய பயணம் நிற்கவில்லை. நியூசிலாந்தின் 2018 கணக்கெடுப்பில் தங்களை டோக்கெலாவ் மக்கள் என்று சொன்னவர்கள் 8,600க்கும் மேல். அதாவது தீவில் ஒருவர் இருந்தால் வெளியே ஐந்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலர் வெலிங்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில் வாழ்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்மொழி நழுவிக்கொண்டிருக்கிறது என்பது பெற்றோரின் கவலை. புலம்பெயர்ந்து வாழும் எந்தச் சமூகத்துக்கும் இது தெரிந்த கவலைதான்.

தலைநகர் இல்லாத அரசு

டோக்கெலாவுக்குத் தலைநகர் கிடையாது. பொதுத்தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பலர் மதிப்பெண் இழப்பார்கள்!

ஒவ்வொரு தீவிலும் 'தௌபுலெங்கா' என்ற பெரியோர் சபை இருக்கிறது. ஊரின் உண்மையான அதிகாரம் இதனிடம்தான். ஆண்களின் உழைப்புக் குழுவும் பெண்களின் குழுவும் அதன் கீழ் வேலைகளைப் பகிர்ந்து செய்கின்றன. ஒவ்வொரு தீவும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ஃபைபுலே' என்ற தலைவரையும், 'புலேநுக்கு' என்ற ஊர்த் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறது. மூன்று தீவுகளின் பிரதிநிதிகளும் கூடும் மன்றத்துக்குப் 'பொது ஃபோனோ' என்று பெயர். 1996ல் இதற்குச் சட்டமியற்றும் அதிகாரம் கிடைத்தது.

முழு நாட்டுக்கும் தலைவர் 'உலு'. அந்த மொழியில் தலை என்றே பொருள். இந்தப் பதவி மூன்று ஃபைபுலேகளிடமும் ஆண்டுக்கு ஒருவராக மாறி வருவது வழக்கம். உலு எந்தத் தீவைச் சேர்ந்தவரோ, அந்த ஆண்டு ஆட்சியின் மையமும் அங்கே போய்விடும். நிரந்தரத் தலைநகர் வைத்தால் ஒரு தீவு பெரியதாகவும் மற்ற இரண்டும் சிறியதாகவும் ஆகிவிடுமே! மீனைப் பங்கிட்டவர்கள் தலைநகரையும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

வெலிங்டனில் நியூசிலாந்து நியமிக்கும் ஒரு நிர்வாகி இருக்கிறார். வரவுசெலவில் பெரும்பகுதி நியூசிலாந்தின் உதவி. மீன்பிடி உரிமத்தால் வரும் வருமானம் இப்போது முக்கியமானதாகியிருக்கிறது. ஆனால் அன்றாட ஆட்சி முழுக்கத் தீவுக்காரர்கள் கையில். இருந்தும் ஐக்கிய நாடுகள் சபையின் 'தன்னாட்சி பெறாத பகுதிகள்' பட்டியலில் 1946 முதல் டோக்கெலாவின் பெயர் இருக்கிறது.

இரண்டு வாக்கெடுப்புகள்

அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வருவதற்கான வழியாக வந்ததுதான் வாக்கெடுப்பு. குக் தீவுகளும் (1965) நியுவேயும் (1974) நியூசிலாந்தோடு 'சுதந்திர இணைப்பு' என்ற முறையில் சுயாட்சி பெற்றவை. குடியுரிமை தொடரும், ஆட்சி தங்களுடையது. டோக்கெலாவுக்கும் அதே வழி. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் மட்டுமே மாற்றம் என்று பொது ஃபோனோ முடிவு செய்தது. ஐ.நா. பார்வையாளர்கள் வந்தார்கள். வாக்குப்பெட்டி கப்பலில் தீவு தீவாகப் போனது.

2006 பிப்ரவரியில் 581 பேர் வாக்களித்தார்கள். ஆதரவு 349. அதாவது 60 சதவீதம். போதவில்லை.

2007 அக்டோபரில் மறுபடி. இந்த முறை 692 வாக்குகள். ஆதரவு 446, எதிர்ப்பு 246. தேவைப்பட்டது 462. பதினாறு வாக்குகள் குறைந்தன!

பெரும்பான்மை விரும்பியது. ஆனாலும் நடக்கவில்லை. இது தோல்வியா என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதல்ல. எதிர்த்தவர்கள் அடிமைத்தனத்தை விரும்பியவர்கள் அல்லர். கப்பல் வராமல் போனால் என்ன ஆகும், மருத்துவம் என்ன ஆகும், நியூசிலாந்தில் இருக்கும் பிள்ளைகளோடு உள்ள பிணைப்பு தளருமா என்ற பயம் அவர்களுடையது. ஊர் பெரியோர்தான் ஏற்கெனவே ஆள்கிறார்களே, பிறகு எதற்கு ஒரு புதுப் பெயர் என்ற கேள்வியும் இருந்தது. மறுபுறம், நியூசிலாந்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான உறவினர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்களுடைய மண்ணைப் பற்றிய முடிவில் அவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே.

மூன்றில் இரண்டு என்ற உயரமான வேலியைத் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஒரு வாக்கு என்றால் 2006லேயே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் மூவரில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது மற்ற இருவர் கொடியேற்றுவது அந்தச் சமூகத்துக்கு ஒத்துவராத காரியம். இனாட்டியின் கணக்கு அரசியலுக்கும் வந்தது என்றே கொள்ளலாம்.

வாக்கெடுப்புக்குப் பிறகும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2009ல் சொந்தக் கொடி வந்தது. நீல வானில் நான்கு நட்சத்திரங்கள், மஞ்சள் நிறப் பாய்மரப் படகு. 2011ல் சமோவாவோடு சேர்ந்து பன்னாட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 30 என்ற நாளே டோக்கெலாவில் வரவில்லை. 2012ல் 4,032 சூரியத் தகடுகளைப் பொருத்தி, டீசலை நம்பியிருந்த தீவுகள் தங்கள் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெயிலிலிருந்து எடுக்கத் தொடங்கின.

வாக்களிக்காத கடல்

இவ்வளவுக்கும் மேலே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. சில மீட்டர் உயரமே உள்ள நிலத்தில், அலை உள்ளே வந்தால் சேம்புக் குழிகளில் உப்பு ஏறும். 2005ல் பெர்சி புயல் வந்தபோது வீடுகளையும் பயிர்களையும் கடல்நீர் சேதப்படுத்தியது. உலகை வெப்பமாக்கியதில் இந்த 1,500 பேரின் பங்கு எவ்வளவு இருக்கும்? சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் விளைவில் அவர்களுக்குத்தான் முதல் பங்கு. மீனைச் சமமாகப் பிரித்தவர்களுக்கு உலகம் தந்திருக்கும் பங்கு இது.

சுயாட்சி என்றதும் கொடி, கீதம், ஐ.நா.வில் ஒரு நாற்காலி என்றுதான் நினைப்போம். டோக்கெலாவ் வேறொன்றைக் காட்டுகிறது. யார் எவ்வளவு மீன் எடுப்பது, இந்த ஆண்டு யார் தலைவர், எந்த முடிவுக்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்பதைத் தாங்களே கூடிப் பேசித் தீர்மானிக்கும் மக்கள், பட்டியலில் எந்தப் பெயரில் இருந்தாலும் தங்களைத் தாங்களே ஆள்பவர்கள்தான். அந்தப் பதினாறு வாக்குகள் ஒருநாள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்குள் காலடி மண் கரைந்துவிடாமல் இருக்க வேண்டும். அந்த முடிவு மட்டும் டோக்கெலாவின் கையில் இல்லை. கப்பல் போகாத தூரத்தில் விளக்கு எரித்து வண்டி ஓட்டும் எல்லோருடைய கையிலும் அது இருக்கிறது.