கடைசி பஸ் போன பிறகு ஒயிட் டவுன்

முதல் சம்பளம் வந்ததும் தம்பி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டான். பாகூர் கொம்யூனில் ஒரு பேட்டில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் படித்த பையன். கேட்டரிங் டிப்ளமோ முடித்து, ஒயிட் டவுனில் ஒரு ரெஸ்டாரண்டில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "வேற எங்கயும் வேணாம்ண்ணா. நான் வேலை செய்ற எடத்துலயே சாப்பிடணும். அக்காவையும் கூட்டிக்கினு வாங்க" என்றான்.

வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு சொல்லை விளக்கிவிடுகிறோம். எங்கள் பக்கம் சேரியைப் 'பேட்' என்பார்கள். ஊர்ப் பெயரோடு அதையும் சேர்த்துச் சொன்னால் யார், எவர் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். "எந்த ஊரு?" என்று கேட்பவர் அதோடு நிற்க மாட்டார். "ஊரா, பேட்டா?" என்பதுதான் அடுத்த கேள்வி. வில்லியனூர் பக்கமும் இதேதான், பாகூர் பக்கமும் இதேதான்.

ஒயிட் டவுன் எங்களுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் பழைய பேண்ட், சட்டை வாங்கிவிட்டு அப்படியே பீச்சுக்கு நடப்போம். காந்தி சிலை, பழைய லைட் ஹவுஸ், கருங்கல் பாறைகள், சுண்டல், பிறகு பஸ். அந்த வீதிகளில் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, எங்களுக்கே தோன்றவில்லை. மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பின்னால் தெரிய போட்டோ எடுத்துக்கொண்டதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கடற்கரைச் சாலை எங்களுக்குப் பிடிக்கும். மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நடுரோட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பேட்டுப் பையனும் ஊர்த்தெருப் பெண்ணும் ஒரே சோளத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அங்கே பார்க்கலாம். எங்கள் ஊரில் அந்தச் சோளத்துக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிப் பேசியதை முதன்முதலாக வாசித்தபோது, எங்களுக்கு நினைவுக்கு வந்தது இந்தச் சாலைதான். பெயர் கேட்காத, தெரு கேட்காத ஒரு கிலோமீட்டர்.

அந்த நம்பிக்கையோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மூன்று பேர் கிளம்பினோம். தம்பிக்கு அன்று வார விடுமுறை. புதுச் சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தான். முற்றத்தில் வாழை மரம், மஞ்சள் விளக்கு, பெரும்பாலும் சென்னை, பெங்களூர் முகங்கள். நடுவில் ஒரு மேசை காலியாக இருந்தது. நாங்கள் உட்காரப் போனபோது கேப்டன் வந்து தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். பேச்சு கேட்கவில்லை. தம்பியின் கழுத்து குனிந்தது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவன், "அந்தாண்ட உக்காரலாம்ண்ணா, காத்து நல்லா வரும்" என்றான். அந்தாண்ட என்றால் கிச்சன் கதவை ஒட்டிய மேசை. காற்று வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அடுப்புச் சூடு வந்தது.

நாங்கள் விடவில்லை. கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மரியாதையாகவே சொன்னார்: "ஸ்டாப் யாரும் கஸ்டமர் ஏரியாவுல உக்காரக் கூடாது சார், ரூல். நீங்க வந்துட்டீங்கன்னுதான் இதுவே." யாராக இருந்தாலுமா என்றோம். யாராக இருந்தாலும்தான் என்றார். எழுத்தில் இருக்கிறதா என்றோம். அவர் சிரித்தார். எங்கள் வயதுதான் இருக்கும். கண்ணில் தூக்கக் களைப்பு.

எங்கள் வேலையே மனு எழுதுவது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அன்று அந்த மேசையில் உட்கார்ந்து யோசித்ததில், இதை எந்தப் பிரிவிலும் போட முடியாது என்று தெரிந்தது. விதி எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த விதியால் அன்று குனிந்தது எங்கள் பையனின் கழுத்து.

மெனு கார்டில் பீஃப் ஸ்டேக் எழுநூற்றுச் சொச்சம். பக்கத்து மேசையில் ஒருவர் அதைப் பாதி வெந்தபடி கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து, அப்புறம் சாப்பிட்டார். பிரெஞ்சுச் சாப்பாடு. எங்கள் ஊரில் அதே கறியைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, ஊர்த்தெருவைத் தாண்டும்வரை சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டாமல் மடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒரே மாடு பெரிய வாய்க்காலைத் தாண்டினால் பண்பாடாகிவிடுகிறது. நாங்களும் ஒரு பிளேட் சொன்னோம். நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பாட்டி போடும் மிளகு அதில் இல்லை.

தம்பி அதைத் தொடவில்லை. ஏன் என்று அங்கே சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, பாறைகளின் மேல் உட்கார்ந்த பிறகுதான் சொன்னான்.

அவனைச் சேர்த்தது கமி வேலைக்கு. மூன்றாம் நாள் பக்கத்துக் கிராமத்துச் சமையல்காரர் ஒருவர் எந்த ஊரு என்று கேட்டிருக்கிறார். இவன் சொன்னான். ஊரா, பேட்டா? அதற்கும் சொன்னான். பொய் சொல்லத் தெரியாத வகுப்பில் படித்தவன், அது எங்கள் தப்பு. மறுநாளிலிருந்து மாட்டுக்கறி வந்தால் சுத்தம் செய்வது, ஜவ்வு எடுப்பது, வெட்டுவது எல்லாம் அவன் தலையில். "ஒனக்குப் பழக்கம்தானே." வேலை இல்லாத நேரத்தில் பாத்திரம் கழுவும் இடம். அவனோடு சேர்ந்த இன்னொரு பையன் சாஸ் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இதில் கொடுமை என்னவென்றால் அவனுக்குப் பழக்கமே கிடையாது. அவன் வீட்டில் மாட்டுக்கறி நின்று பதினைந்து வருடம் ஆகிறது. அப்பா சபரிமலைக்கு மாலை போடுபவர். அம்மா, எங்களுக்கு அத்தை முறை, மகளிர் குழுத் தலைவியான பிறகு ஊர்த்தெருப் பெண்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்று நிறுத்திவிட்டார். எம்.ஏ. வகுப்பில் எம்.என். சீனிவாஸின் 'சமஸ்கிருதமயமாக்கல்' பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறோம். அத்தை அதற்கு 'மரியாதை' என்று பெயர் வைத்திருக்கிறார். மகன் தினமும் எட்டு, பத்து கிலோ வெட்டுகிறான் என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

அரசியலமைப்பின் 15(2) எங்கள் மாலை வகுப்புச் சுவரில் எழுதியிருக்கிறது: கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்களுக்குள் நுழைவதில் சாதியின் பெயரால் யாருக்கும் தடை கூடாது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4-ஆம் பிரிவில் இன்னும் இறங்கி வருகிறது. உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையைக்கூடத் தனியாகச் சொல்கிறது. தனிக்குவளை பார்த்தவர்கள் எழுதிய சட்டம். வேலை, தொழில் பற்றியும் அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது, அதை நாம் அதிகம் எடுப்பதில்லை. நம் போராட்டங்கள் பெரும்பாலும் வாசலில்தான் நடந்தன. உள்ளே விடு, உட்கார விடு, அதே குவளையில் கொடு. கிச்சனுக்குள் யார் எதை வெட்டுவது, யார் எதைக் கற்றுக்கொள்வது என்ற இடத்துக்கு நாம் இன்னும் போகவில்லை. வாசலில் வைத்தே மறித்தவர்கள் இன்று பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வண்டியை மிஷன் வீதியில் நிறுத்தியிருந்தோம். நடக்கும்போது சம்பா கோயிலைத் தாண்டினோம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி வருகிறது. இந்தக் கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைத்து ஒரு சுவர் இருந்தது. காரைக்கால் பாதிரியார் வந்தபோது நம் ஆட்கள் போய் முறையிட்டார்கள். சுவர் இடிபட்டது. சாதிக் கிறித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இருநூற்று எண்பது வருடம் முன்பு, யாரும் சட்டம் சொல்லித் தராமல், கும்பலாகப் போய் நியாயம் கேட்டிருக்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கொஞ்சம் தள்ளி வெள்ளாழர் வீதி, வைசியாள் வீதி, செட்டித் தெரு. பாரம்பரியம் என்று புதுப்பித்துப் படம் பிடிக்கிறார்கள். அந்த வரிசையில் எங்கள் பெயரில் ஒரு வீதி கிடையாது.

ஒயிட் டவுனுக்கு ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் போனது வில்லியனூர் போகும் பக்கத்திலுள்ள முத்தரையர்பாளையத்திலிருந்து. அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். இன்று அதே திசையிலிருந்து தினமும் கைகள் போகின்றன. புதுச்சேரி சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் 5 தனித்தொகுதி. ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், திருபுவனை, காரைக்காலில் நெடுங்காடு. நகரத்துக்குள் ஒன்றும் இல்லை. ஓட்டு கிராமத்தில், வேலை நகரத்தில்.

தம்பிக்கு ஷிப்ட் முடிய இரவு பன்னிரண்டு, சனிக்கிழமை ஒரு மணி. கடைசி பஸ் அதற்கு வெகு முன்பே போய்விடும். மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று கடலூர் ரோட்டில் பைக்கில் வருவான். அதுவரை பயமில்லை, லைட் இருக்கிறது, லாரிகள் ஓடுகின்றன. கன்னியக்கோயிலில் பிரிந்த பிறகுதான் அவனுடைய 'நைட் லைஃப்' ஆரம்பிக்கிறது. பேட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். திண்ணையில் நாலு பேர். "எவன்டா அது இந்நேரத்துல?" இரண்டு முறை சாவியைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு முறை டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

எங்களில் ஒருவரின் தாத்தா ஏஎப்டி மில்லில் இரவு ஷிப்ட் பார்த்தவர். நடுச்சாமத்தில் இதே தெரு வழியாக நடந்து வருவார். "யாரு, மில்லுக்காரரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்களாம். சாதி அன்றும் இருந்தது. ஆனால் சங்கொலி இருந்தது, சங்கம் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் 12 தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்ற பிறகு வந்த எட்டு மணி நேர வேலை இருந்தது. மில் 2020-இல் மூடப்பட்டது. பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்தபோது அந்த மைதானத்தில்தான் பஸ்கள் நின்றன. மில்லுக்காரர் பேரனுக்குப் பதினோரு மணி நேரம், சங்கம் இல்லை, டிப்ஸ் கேப்டன் பிரித்துக் கொடுப்பதுதான்.

அன்றிரவு எங்களுக்கு வந்த யோசனை ரொம்பச் சின்னது. பாகூர், வில்லியனூர் பேட்டுகளிலிருந்து ஒயிட் டவுன், மிஷன் வீதி, ரெஸ்டோ பார்களில் வேலை செய்யும் பிள்ளைகளை ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்த்தோம். முதல் வாரம் 9 பேர், இப்போது 34 பேர். இரண்டு வேலை மட்டும். ஒன்று, தனியாக வீட்டுக்குத் திரும்பக் கூடாது. மரப்பாலத்தில் காத்திருந்து பாகூர் பக்கம் போகிறவர்கள் சேர்ந்து வரவேண்டும். இந்திரா காந்தி சிலையில் வில்லியனூர்க்காரர்கள். ஐந்து பைக் ஒன்றாகத் தெருவுக்குள் வந்தால் திண்ணையிலிருந்து கேள்வி வருவதில்லை. இரண்டு, யாருக்கு என்ன வேலைக்கு ஆர்டர், என்ன வேலை கொடுக்கிறார்கள், என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். ஒருவருடைய குறிப்பு குறையாகத் தெரியும். 34 பேருடையதைச் சேர்த்து வைத்தால் ஒரு மனு எழுதலாம். எழுதிக்கொண்டிருக்கிறோம். பெண் பிள்ளைகள் 6 பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது வேறு மாதிரி இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

தம்பி நோட்டைக் காட்டி மேனேஜரிடம் பேசினான். நாங்கள் கூடப் போகவில்லை, வேண்டாம் என்றான். எதிர்பார்க்காத விதமாக அவனை பேக்கரிக்கு மாற்றிவிட்டார்கள். சமையல்காரர் இருக்கும் இடத்தில் இவன் வேண்டாம் என்பதற்காகத்தான் மாற்றினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் மாவு பிசையக் கற்றுக்கொள்கிறான். விடியற்காலை நாலு மணி ஷிப்ட். கடைசி பஸ் கவலை போய் முதல் பஸ் கவலை வந்திருக்கிறது.

ஓரம் கருகியதை, உடைந்ததை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்கிறார்கள். போன ஞாயிறு போனபோது அத்தை குறோசானை டீயில் முக்கி எங்களுக்கும் கொடுத்தார். "இன்னாத்துக்கு இதுக்கு இவ்ளோ வெல? நம்ம வர்க்கி மாதிரிதான இருக்கு" என்றார். வெண்ணெய் அதிகம் என்றோம். இன்னொன்றை முக்கிச் சாப்பிட்டுவிட்டு, பையனை அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆக்குவார்களா என்று கேட்டார்.