ஒத்தைக் கிடார்

நாலு கிடார் இருந்த என் வீட்டில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. கல்கத்தாவில் செய்த பெரிய பெட்டிக் கிடார், கச்சேரியில் வாசித்த மின்கிடார், பேஸ் கிடார், அதுகளுக்கான ஆம்ப், வயர் மூட்டை எல்லாம் போன தை மாசத்தோடு விற்றுத் தீர்ந்தது. மீதி இருப்பது, பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்கிற ஒரு சின்னக் கிடார். பெரிய கிடாரில் கம்பி நீளம் 25½ அங்குலம். இதில் 23.

விற்றதைக் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து தோழர் ஒருவர் வந்திருந்தார். "வித்தது சரி தோழர். மிச்சம் வச்ச அந்த ஒண்ணு எதுக்குக் கிடாரா இருக்கணும்? பறையா இருக்கலாமே?" என்று கேட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எங்க ஊர் தேவதானம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போற ரோட்டில் சேத்தூரைத் தாண்டி, மேற்கு மலையடிவாரம். தேவதானம் என்றால் சாமிக்கு விட்ட நிலம் என்று அர்த்தம். சாமிக்கு நிலம் விட்டார்கள். அந்த மாதிரி நிலத்தில் குனிந்து நட்ட எங்களுக்கு விட்டது கொட்டு ஒன்றுதான்.

என் தாத்தா கொட்டடித்தவர். நடுச்சாமத்தில் வாசலில் வந்து, "ஏலே, கேதம் விழுந்திருச்சு, கிளம்பு" என்று ஒரு சின்னப் பயல் கத்துவான். தாத்தாவுக்கு அப்போது அறுபது வயசு. எழுந்து, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் இடுப்பில் சொருகிக்கொண்டு போவார். காய்ச்சல் என்றாலும் போகணும். எங்க வீட்டிலேயே கேதம் என்றாலும் போகணும். கூலி, அறுப்புக் களத்தில் கடைசியாக அள்ளிப் போடுகிற நெல். அவர் கை பேசும் என்பார்கள். அந்தக் கைக்கு 'முடியாது' என்று சொல்ல மட்டும் உரிமை இல்லை.

அய்யா ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனார். அங்கே சங்கக் கூட்டத்தில் நாலு வார்த்தை காதில் விழுந்திருக்கும். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, ஒரு ராத்திரி மில்லிலிருந்து வந்தவர் சுவரில் தொங்கின கொட்டை இறக்கினார். தோலை அருவாளால் கிழித்தார். கட்டையை அடுப்பில் வைத்தார். "இனிமே இந்த வீட்டுல எவனும் சாவுக்கு அடிக்கப் போகக் கூடாது" என்றார். தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த வருசம் எங்க அம்மாவை ஒருத்தரும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. வரப்பில் ஆட்டுக்குப் புல்லறுக்க விடவில்லை.

எங்க அய்யா மட்டும் செய்த காரியம் இல்லை இது. தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் போராடினார். தீண்டாமை பற்றி ஆராய இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து, 1969-இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். அவரைக் கேள்விப்படாமலே எத்தனையோ தெருக்களில் கொட்டு அடுப்புக்குப் போயிருக்கிறது. எங்க வீட்டில் நடந்த முதல் குறைப்பு அதுதான். ஒன்றிலிருந்து ஒன்றுமில்லை என்றானது.

அந்த வெறுமையில்தான் கிடார் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு சர்ச் பாட்டுக் குழுவில் கற்றுக்கொண்டேன். அம்மா இரண்டு ஆட்டை விற்று முதல் கிடாரை வாங்கிக் கொடுத்தாள். இதைச் சாவுக்கு அடிக்க ஒருத்தனும் கூப்பிட முடியாது என்பதுதான் அதன் மேல் எனக்கு வந்த முதல் ஆசை. அப்புறம் மெல்லிசைக் குழு, கோயில் கொடை, கல்யாணக் கச்சேரி என்று இருபது வருசம். ஒரு ஊரில் நான் எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மற்றவர்களுக்கு டம்ளரிலும் எனக்குக் கொட்டாங்குச்சியிலும் காப்பி கொடுத்தார்கள். கிடாருக்குச் சாதி இல்லை. பிடித்திருக்கிற கைக்கு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் வாங்கிக் குவித்தேன். தேவை இருந்ததா என்றால் பாதிதான். வருகிறவன் கண்ணில் படட்டும் என்று சுவரில் வரிசையாக மாட்டினேன். கொட்டு தொங்கின ஆணியிலேயே மின்கிடாரை மாட்டினேன்.

விற்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரி அழுதாள். "இருக்கிறதை வித்தா நொடிச்சுப் போயிட்டான்னுதான ஊரு பேசும்?" அவள் சொன்னது நியாயம். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறினார். உலகம் கும்பிட்டது. எங்க தாத்தா சாகும்வரை அரைவேட்டிதான். அதை யாரும் எளிமை என்று சொல்லவில்லை. அம்பேத்கர் கோட்டைக் கழற்றாததன் காரணம் எங்க தெருவில் எந்தக் கிழவிக்கும் புரியும். குறைத்துக்கொள்வதற்கும் முதலில் கொஞ்சம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உரிமை வேண்டும்.

எனக்கு அந்த உரிமை இப்போது வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கச்சேரி போயிற்று. முதலில் கீபோர்டு, பிறகு பதிவு செய்த ட்ராக், கடைசியில் டிஜே பெட்டி வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பியது. பெரிய கிடாரில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையில் நிற்கும். காலனி வீட்டு வெயிலில் கழுத்து வளைந்துபோனது. சாயங்காலம் வேப்பமரத்தடிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகின்றன. பெரிய கிடாரை அணைத்தால் அதுகளின் கை கம்பிக்கு எட்டாது. சின்னதில் ஃபிரெட்டுகள் நெருக்கம், கம்பி இளக்கம், விரல் அறுபடாது. கரண்ட் வேண்டாம். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். மின்கிடார் சுவரில் இருந்தது எனக்காக. இது பிள்ளைகளுக்காக.

பறையைத் தூக்கிப் பிடித்தவர்களை நான் மதிக்கிறேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நம் ஜனங்களின் மெட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 2018-இல் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் பறையும் கிடாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்து அழுதேன். தானாக விரும்பி எடுக்கிறவன் கையில் பறை ஆயுதம்தான். ஆனால் தோழரே, நான் எதை வாசிக்கணும் என்று இன்னொருத்தர் சொல்வதை எங்க தாத்தாவோடு முடித்துவிட்டோம். பாபாசாகேப் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அது உன் வாத்தியமா என்று அவரை யாராவது கேட்க முடியுமா?

இரண்டு மாசத்துக்கு முன்னால் மேலத்தெருவில் ஒரு பெரியவர் செத்தார். ஒரு பையன் பைக்கில் வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணே, சும்மா ரெண்டு பாட்டு. கிடார் வாசிச்சா நல்லா இருக்கும்னு அப்பா சொன்னாங்க. பணம் தந்துருவாங்க." கெட்ட பையன் இல்லை. அவனுக்கு அந்தப் பழைய கதை தெரியாமல்கூட இருக்கலாம். "கேதத்துக்கு நாங்க வாசிக்கிறதில்ல தம்பி" என்றேன். தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமா என்றால் அதுவும்தான்.

பத்து நாள் கழித்து எங்க தெருவில் ஒரு கிழவி போய்ச் சேர்ந்தாள். அய்யா கொட்டைக் கொளுத்தின வருசம், எங்களுக்கு ஒளித்து ஒளித்துக் கம்பங்கூழ் கொண்டுவந்து கொடுத்தவள். யாரும் வந்து கூப்பிடவில்லை. நானாகத்தான் சின்னக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடிய வாசித்தேன்.