வேடம் மாற்றும் பகைவன்

சென்ற ஞாயிறு மாலை ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் எம் பேரனுடன் அமர்ந்திருந்தோம். மறுநாள் ஊருக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. ஒன்றரை வயதுக் குழந்தையான அவனுக்குத் தடுப்பூசி போடக் குறித்திருந்ததும் அந்நாளே. “ஊர் போய் வந்து போட்டுக் கொள்ளலாம், அம்மா” என்று மருமகளிடம் கூறியவர் நாமே.

அவ்வேளையில் எம் கொள்ளுப்பாட்டியார் நினைவில் தோன்றினார். வட ஆர்க்காட்டிலிருந்து கண்டோன்மெண்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம் எம்முடையது. 1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் புகுந்தபோது, எலி செத்து விழுந்த வீட்டை அப்படியே விட்டு வெளியேறினாராம். அந்நோய்க்குப் பின்னரே, அருகிலுள்ள பிரேசர் டவுன் போன்ற அகன்ற வீதிகள் கொண்ட குடியிருப்புகள் எழுந்தன.

அக்கிருமி உடலின் காவலை எங்ஙனம் கடந்தது? நம் வெள்ளணுக்கள் பகைவனை அவன் மேலுறையைக் கொண்டே அறிகின்றன. பல பாக்டீரியாக்களின் உறையில் ‘லிப்பிட் ஏ’ என்னும் கொழுப்பு மூலக்கூறு உண்டு. ஆறு சங்கிலிகள் கொண்ட அதன் வடிவத்தை, ‘டி.எல்.ஆர். 4’ என்னும் ஏற்பி உடனே உணர்ந்து அபாயம் அறிவிக்கும். இதனை 1998இல் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசு பெற்றார்.

பிளேக் கிருமியோ சூழ்ச்சி மிக்கது. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் அதற்கு ஆறு சங்கிலி வடிவமும் உண்டு. மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தை எய்தியதும் பெரும்பாலும் நான்கே எஞ்சும். ஏற்பி அதனைச் சரிவர உணராது. காவல் விழிக்குமுன் கிருமி பெருகிவிடும்.

காவலர் ஏமாறக்கூடும் என்பதாலன்றோ அவர்களுக்குப் பகைவனை முன்கூட்டியே காட்டி வைக்கிறோம்! தொண்டை அடைப்பான் தடுப்பூசியில் இருப்பது அக்கிருமியின் நஞ்சே. தீமை செய்யும் ஆற்றல் மட்டும் நீக்கப்பட்டது. அதனைக் கண்ட அணுக்கள் நினைவில் கொள்கின்றன. அந்நினைவு நாளடைவில் மங்கும்; ஆதலின் மறு தவணை வேண்டும். எம் பேரனுக்குரியது அத்தவணையே.

வீடு திரும்பியதும், “பிழை எம்முடையது, அம்மா” என்றோம். பயணம் இரு நாள் தள்ளிப் போயிற்று. ஊசி போட்ட இடத்தைப் பேரன் இரு நாளும் எம்மிடம் காட்டி முறையிட்டான்.

ஊருக்கும் நகருக்கும் இடையே அலையும் குடும்பங்கள் நாம். பெட்டி கட்டும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையை முதலில் எடுத்து வைப்போம். நாள் தவறியிருப்பினும், அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிக் கேட்போம்.