கலங்கரை விளக்கமும் இருபது முகப் பகடையும்



பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு வரவேற்பறை மேசையில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் நடந்துகொண்ட முறையை எண்ணி இன்றும் கூசுகிறேன்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்டது. காய் நகர்த்தி வெல்லும் ஆட்டமன்று. ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் மதில் ஏறுகிறேன்', 'நான் ஒளிந்துகொள்கிறேன்' என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வந்த எண்ணோடு பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, நடத்துபவர் குறித்த இலக்கை எட்டினால் வெற்றி.

எங்களுக்கு ஆட்டம் நடத்த வந்தவன் என் முன்னாள் மாணவன். பெஸ்தாரி ஜெயா அருகே செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. இப்போது படிவம் நான்கு. ஆறாண்டுகள் என் பள்ளியில் இருந்தவன், வகுப்பில் தானாக எழுந்து ஒரு வாக்கியம் பேசியதாக எனக்கு நினைவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளை அச்சிட்டு, துளையிட்டு, நூலால் கட்டி எடுத்து வந்திருந்தான். கதையோ அவனுடைய சொந்தக் கற்பனை! 1784-இல் டச்சுக்காரர்கள் கோலா சிலாங்கூர்க் கோட்டையைப் பிடித்ததும், மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங்கின் துணையோடு அதை மீட்டதும் நாம் அறிந்த வரலாறு. அந்த மீட்பு இரவில் புக்கிட் மெலாவத்தி ஏறும் நால்வரே எங்கள் பாத்திரங்கள். நான் ஓடக்காரன். என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மற்ற மூவர்.

அவன் குரல் முதலில் நடுங்கியது. சிறிது நேரத்தில் நடுக்கம் தெளிந்தது. பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாய் ஒளிர்ந்து அணைவதை அவன் விவரித்தபோது மேசையே அமைதியானது.

மதிலோரம் பதுங்குவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினேன். என் திறனையும் கூட்டி 9 வந்தது. இலக்கு 12.

"ஐயா, கலங்கரை விளக்கத்தின் ஒளி உங்கள்மேல் விழுகிறது. காவலர்கள் பார்த்துவிட்டார்கள்."

"தம்பி, அந்தக் கலங்கரை விளக்கம் 1907-இல் கட்டியது. உன் கதை நடப்பது 1785-இல். விளக்கே இல்லாதபோது என்னை எப்படிப் பார்த்தார்கள்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் தாள்களைப் புரட்டினான், ஏதோ தேடுபவனைப்போல. பிறகு, "சரிங்க ஐயா, பார்க்கவில்லை" என்றான். அதன்பின் யார் என்ன கேட்டாலும் 'சரி' என்றே சொன்னான். அரை மணி நேரத்தில் கோட்டை வீழ்ந்தது. யாருக்கும் மகிழ்ச்சியில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.

"உங்களுக்குப் பகடையில் 15 விழுந்திருந்தால் விளக்கைப் பற்றிப் பேசியிருப்பீர்களா அப்பா?" என்றாள் மகள்.

பேசியிருக்கமாட்டேன். பகடையில் நான் தோற்றாயிற்று. அதில் அவன் தீர்ப்பு சரியே. அந்தத் தோல்விக்கு அவன் பூசிய வண்ணம்தான் பிழை. வண்ணத்தின் பிழையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பையே புரட்டினேன், வரலாற்று ஆசிரியன் என்ற மிடுக்கோடு!

தோட்டத்து லயன் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடி வளர்ந்தவன் நான். அங்கே சண்டையில்லாத ஆட்டம் ஏது? ஒரு காயை வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்பதற்கே பாட்டிமார் இருவர் மாலை முழுதும் பேசாமல் இருந்ததுண்டு. ஆனால் அங்கே வாதிடுவோர் எல்லாரும் வெல்லத் துடிப்பவர்கள். இந்த ஆட்டத்தில் நடத்துபவனுக்கு வெல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் நம்பும்வரை அவன் சொல் நிற்கும், அவ்வளவே. புதியவன் கையில் அந்த நம்பிக்கை எத்தனை மெலிந்தது என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். ஆசிரியப் பணியின் முதல் மாதத்தில், கரும்பலகையில் நான் எழுதிய ஒரு சொல்லை மூத்தவர் ஒருவர் மாணவர் முன்னிலையிலேயே அழித்துத் திருத்தினார். திருத்தம் சரிதான். அந்த வகுப்பு மீண்டும் என் வசப்பட இரண்டு மாதமாயிற்று.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தேநீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன், அவனுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. பிறகு ஓர் ஏற்பாடு பேசினோம். ஆட்டத்தின் நடுவே ஐயமெழுந்தால் ஒருமுறை கேட்பேன், அவன் சொல்வதே அப்போதைக்கு முடிவு, ஆட்டம் தொடரும். மறுப்பைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, முடிந்தபின் அவனோடு தனியே பேசுவேன். ஒருவர் பாத்திரம் இறக்கும் நிலை வந்தால் மட்டும் உடனே நிறுத்தி விதியைப் பார்ப்பது என்பது அவனாகச் சேர்த்தது. எனக்குத் தோன்றாத நல்ல திருத்தம்.

அடுத்த வாரம் வந்தான். அமர்ந்ததும் நூல்கட்டைப் பிரித்தான்.

"போன ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். கலங்கரை விளக்கத்தை எடுத்துவிட்டேன் ஐயா. அங்கே இப்போது காவலரின் தீப்பந்தம்."

"நல்லது தம்பி."

"ஆனால் உங்களுக்கு விழுந்தது 9 தான். உங்களைப் பார்த்துவிட்டார்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?"