குடைக்கம்பியும் பிரம்பு நாரும்

நண்பர் அனுப்பிய படத்தில் நான்கு நாற்காலிகள் இருந்தன. சிங்கப்பூரின் காத்தோங்கில் பழைய வீடொன்றைக் காலி செய்தவர்கள் அவற்றை வாசலில் குப்பை லாரிக்காக வைத்திருந்தார்கள். வளைத்த மரச் சட்டம், வட்டமான இருக்கை, நடுவே பிரம்புப் பின்னல். ஒன்றில் பின்னல் கிழிந்து தொங்கியது. இன்னொன்றுக்கு முதுகுச் சாய்வே இல்லை. "லாரி வருவதற்குள் ஒரு பெரியவர் தள்ளுவண்டியில் ஏற்றிப்போய்விட்டார். நம்ம ஆள்தான். நீங்கள் அவசியம் அவரைப் பார்க்க வேண்டும்" என்று கீழே எழுதியிருந்தார். பழைய சாமான்களைத் தட்டிக்கொட்டி வீட்டுக்கு ஆக்கிக்கொள்வதைப் பற்றி நான் எழுத நினைத்திருந்தது அவருக்குத் தெரியும்.

இப்போது காத்தோங்கிற்குப் போவது எளிது. 2024 ஜூனில் மரின் பரேட் ரயில் நிலையம் திறந்தாயிற்று. அங்கிருந்து நடந்தால் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயம். குளக்கரையில் செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் என்று அந்த ஆலயத்துக்கு ஒரு வரலாறு சொல்வார்கள். இலங்கைத் தமிழர் சங்கம் நடத்தும் கோவில். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் தென்னந்தோப்பும் கடற்கரை பங்களாக்களுமாக இருந்தது. 1966இல் தொடங்கிய நிலமீட்பு கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கூன் செங் ரோட்டின் பெரனாக்கான் வீடுகளைப் பார்க்க இன்றும் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பூ ஓடுகள், பச்சையும் இளஞ்சிவப்பும் பூசிய சுவர்கள், செதுக்கிய கதவுகள். 1993இல் ஜூ சியாட் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் ஜூ சியாட், காத்தோங் பகுதி நாட்டின் முதல் மரபுடைமை நகரம் ஆனது. வெளித்தோற்றத்தைக் காப்பதற்கு விதிகள் உண்டு. உள்ளே மூன்று தலைமுறை உட்கார்ந்து எழுந்த நாற்காலிக்கு எந்த விதியும் கிடையாது. வீடு கைமாறும்போது முதலில் வெளியே வருவது அதுதான். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் காத்தோங் பழம்பொருள் இல்லத்தை நடத்திய பீட்டர் வீ போன்ற ஒரு சிலர் இப்படிப்பட்ட சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அவர் 2018இல் மறைந்துவிட்டார்.

நாற்காலிகளை ஏற்றிப்போன பெரியவரின் வீடு ஹேக் ரோட்டில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அறுபத்தெட்டு வயது. "வாங்க தம்பி, செருப்ப அந்தக் கூண்டுல வைங்க" என்றார்.

கூண்டு என்றது செருப்பு அலமாரியை. யாரோ தூக்கிப்போட்ட துணி அலமாரியின் கதவை இரண்டாக அறுத்து, நடுப்பலகையை எடுத்துவிட்டு, அங்கே பிரம்பு வலையை இறுக்கியிருந்தார். சிங்கப்பூரின் புழுக்கத்தில் மூடிய அலமாரிக்குள் செருப்பு வைத்தால் நாற்றம் பிடித்துவிடும். இதில் காற்று ஓடுகிறது. வரவேற்பறையில் சாப்பாட்டு மேசைக்குக் கால் சிங்கர் தையல் இயந்திரத்தின் இரும்புச் சட்டம். மிதிகட்டை இன்னும் ஆடியது. பேரப்பிள்ளை அதில் கால் வைத்து ஆட்டிக்கொண்டேதான் சாப்பிடுமாம். பூசை மாடத்தின் கண்ணாடிக்கு, காப்பிக் கடை நாற்காலி ஒன்றின் வட்டச் சட்டம். கோங் குவான் பிஸ்கட் டின்களில் ஆணி, முளை, நார்த்துண்டு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு டின் மேலும் அதனுள் இருப்பதில் ஒன்றை ஒட்டியிருந்தார். எழுதவில்லை, பொருளையே ஒட்டியிருந்தார். கண்ணாடி போடாமலே எடுக்கலாம் என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் மனைவி காட்டிய புத்தக அடுக்கு. ஈரச்சந்தையில் பழம் வந்திறங்கும் மரப்பெட்டிகளைத் தேய்த்து மெழுகு பூசி, சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்கள். நவராத்திரி வந்தால் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பெட்டிகள் கவிழ்ந்து ஏழு படியாகும். மேலே வெள்ளை வேட்டி விரிப்பு, அதன் மேல் கொலு. "படி வாங்கணும்னா தேக்காவுல இரும்புப் படி கிடைக்கும். மீதி வருசமெல்லாம் அத எங்கங்க வைக்கிறது?" என்றார் அந்த அம்மா. மூன்றறை வீட்டில் வாழ்ந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. வீட்டை ஒழுங்காக வைப்பதற்குச் சொல்லப்படும் எத்தனையோ யோசனைகள் புதிதாக ஒரு பெட்டி வாங்குவதில்தான் ஆரம்பிக்கின்றன. இவர்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் இரண்டு வேலையாவது உண்டு.

பெரியவரின் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது வேலை போயிற்று. மூத்த பிள்ளையான இவரைப் பதினான்கு வயதில் மேசை நாற்காலிப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். பட்டறைக்காரர் சீனர், இவர் அவரை டவுக்கே என்றுதான் அழைப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய். "டவுக்கே வாயால சொல்லித்தந்தது கம்மி தம்பி. என் கை மேல அவர் கைய வச்சு இழுப்பாரு. எவ்வளவு இழுக்கணும்னு அதுல தெரிஞ்சுக்கணும்." முதல் ஓராண்டு நாரை ஊறவைப்பதும் சட்டத்தின் ஓட்டைகளைச் சுத்தம் செய்வதும் மட்டுமே வேலை. பட்டறை மூடிய பிறகு துறைமுகம், காவல் வேலை, துப்புரவு என்று பலவும் செய்திருக்கிறார். பின்னலை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை ரோடு சந்தைக்குப் போய் உடைந்த நாற்காலிகளை ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக்கு வாங்கி வருவார். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. அன்று மாலை வரை அங்கேயே நின்றிருந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

குப்பைக்குப் போகவிருந்த அந்த நாற்காலியின் கதையும் சொல்ல வேண்டியதுதான். வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் சந்தைக்குக் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் பரம்பரை அது. நீராவியில் வளைத்த மரத்துண்டுகள் ஆறு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. அவ்வளவுதான் முழு நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும் என்பதால் கப்பலேறி உலகெல்லாம் போயிற்று. நம் காப்பிக் கடைகளிலும் பளிங்கு மேசையைச் சுற்றி அதன் வாரிசுகள் நின்றன. இருக்கைக்கு வேண்டிய பிரம்போ தென்கிழக்காசியக் காடுகளில் விளைவது. பார்த்தால் மூங்கிலின் உறவு போல் இருக்கும். உண்மையில் பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி, உள்ளே பொந்து கிடையாது. மேல்தோலைச் சீவினால் பின்னும் நார். உள்தண்டு கூடைக்குப் போகும்.

குப்பை லாரியிடமிருந்து மீட்ட நாற்காலிகளில் ஒன்று தரையில் கிடந்தது. பழைய பின்னலை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்தார். நார் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் முன்னிருந்து பின்னாக ஓர் ஓட்டம். அதன் மேல் இடமிருந்து வலமாக. பிறகு மறுபடி முன்பின்னாக, முதல் நாருக்குப் பக்கத்திலேயே. நான்காவது ஓட்டத்தில்தான் பின்னல் என்பது தொடங்குகிறது, ஒன்றின் மேல் ஒன்றின் கீழாக. அடுத்து இரண்டு மூலைவாட்டு ஓட்டங்கள். அங்கே அவர் விரல்களின் வேகத்தோடு என் கண் போகவில்லை, அதனால் அதை விளக்க மாட்டேன். கடைசியில் ஓரத்தை மறைக்கும் அகல நார். அத்தனையும் முடிந்தபோது இருக்கை முழுக்கச் சின்னச் சின்ன எண்கோணக் கண்கள் திறந்திருந்தன.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவர் கையில் இருந்த கருவியை. உடைந்த குடையின் கம்பி. குடைக்கம்பியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், சிலவற்றில் நீளவாக்கில் ஒரு குழி ஓடும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியைச் சற்று வளைத்து, பின்பக்கம் துடைப்பக்கட்டைத் துண்டைப் பிடியாகச் செருகியிருக்கிறார். இறுகிய நார்களுக்கு அடியில் கம்பியை நுழைத்து, அந்தக் குழிக்குள் புது நாரை ஓடவிட்டால் மறுபக்கம் சிக்காமல் வெளியே வந்துவிடுகிறது. டவுக்கே செய்து கொடுத்தது முதல் கம்பி. அது தேய்ந்து போனது. இப்போது இருப்பது எத்தனையாவது என்று அவருக்கே கணக்கில்லை. நார் நழுவாமல் ஓட்டைகளில் செருகி வைக்கும் முளைகள், உணவங்காடியில் ஒருமுறை சாப்பிட்டுத் தூக்கி எறியும் குச்சிகள். கழுவிக் காயவைத்து, பேரனின் பென்சில் சீவியில் கூராக்கிக்கொள்கிறார். கடையில் வாங்கிய கருவி என்று கத்தரிக்கோல் மட்டுந்தான் இருந்தது. மழைநாள் முடிந்தால் பேருந்து நிறுத்தங்களில் முறிந்த குடைகள் கிடக்கும். அவர் அவற்றைச் சேர்க்கக் கிளம்புவார். கம்பி இவருக்கு, துணி அந்த அம்மாவுக்கு. காய்கறி வாங்கப் போகும் பை குடைத்துணியில் தைத்தது, நனையாது.

பின்னி முடிக்க ஒரு நாற்காலிக்கு முழு நாள் வேலை, சில நேரம் இரண்டு நாள். அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் மனைவிதான் சொன்னார். நேரே வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் பழம்பொருள் விற்கும் கடைகள் நாற்காலியை இங்கே அனுப்புகின்றன. வாடிக்கையாளரிடம் பழுதுபார்க்கக் கடை வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இவர் கைக்கு வருவதில்லை. நாரும் இவர் செலவு. 2012 முதல் இந்தோனேசியா பதப்படுத்தாத, பாதி பதப்படுத்திய பிரம்பின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தங்கள் நாட்டிலேயே நாற்காலி செய்து விற்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஆனால் நல்ல நாருக்கு இவர் அலைய வேண்டியிருக்கிறது. கூலி மட்டும் ஏறவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு ஜூ சியாட் ரோடு வழியே திரும்பி வந்தபோது ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே மாதிரி நாற்காலி ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் மாட்டியிருந்த அட்டையில் காலம், பாணி, எந்த நாட்டு மரம் என்றெல்லாம் இருந்தது. விலையும் இருந்தது, நான் வாங்க முடியாத விலை. இருக்கையைப் பின்னியவர் யார் என்று மட்டும் இல்லை. பழையதற்கு மவுசு வந்துவிட்டது, நல்லது. அந்தப் பழையதை உட்காரத்தக்கதாக ஆக்கிய கையை மறைத்து வைத்தால்தான் லாபம் என்று நினைப்பது அயோக்கியத்தனம். வாங்குகிறவருக்குப் பின்னுபவரின் முகவரி தெரிந்துவிட்டால் நடுவில் நிற்பவருக்கு வேலை இல்லை. அதனால்தான் அட்டையில் மரத்துக்குப் பெயர் இருக்கிறது, மனிதருக்கு இல்லை. கடைக்கு வாடகை உண்டு, வண்டிக்கூலி உண்டு என்பார்கள். இருக்கட்டும். ஒரு நாள் முழுக்க முதுகு வளைந்து உட்கார்ந்தவருக்கு உரிய கூலியைக் கொடுத்த பிறகு அந்தக் கணக்கைப் பேசட்டும்.

தூக்கி எறிந்தால் அந்த நாற்காலி எங்கே போகும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எரிஆலைக்குப் போகும். சாம்பல் படகேறி செமாக்காவ் தீவுக்குப் போகும். 1999இல் திறந்த அந்தக் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசே சொல்கிறது. நாட்டில் இருப்பது அந்த ஒரே ஒரு குப்பை நிலம். 2014 முதல் நடந்து வரும் ரிப்பேர் கோபித்தியாம் இயக்கத்தில் தொண்டூழியர்கள் மின்விசிறி, சோற்றுப்பானை போன்றவற்றைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களுடைய மேசைகளில் ஒன்றில் இந்தப் பெரியவர் உட்கார வேண்டும், அதற்கு அவருக்குச் சம்பளமும் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அவரிடம் கற்றுக்கொள்ள இதுவரை யாரும் வரவில்லை. மகன் கணினித் துறையில் இருக்கிறார்.

கிளம்பும்போது அவர் ஒரு வழி சொல்லித்தந்தார். அதை இங்கே எழுதச் சம்மதமும் தந்தார். பிரம்பு இருக்கை அறுந்திருந்தால்தான் பின்னுகிறவர் வேண்டும். வெறுமனே தொய்ந்திருந்தால் வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பின்னலின் அடிப்பக்கத்தில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். மேல்பக்கம் வழவழப்பான தோல், நீர் இறங்காது, அடிப்பக்கம் குடிக்கும். பிறகு யாரும் உட்காராமல் நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். காயும்போது நார் சுருங்கித் தானே இறுகிக்கொள்ளும். "இதுக்கு என்கிட்ட காசு குடுக்காதீங்கன்னு எழுதுங்க தம்பி" என்றார்.

எழுதிவிட்டேன். அறுந்துபோன நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு என் பங்குக்கு ஒரு வேண்டுகோள். கடையில் கொடுக்கும் முன் பின்னுகிறவர் யார் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், உங்கள் வட்டாரத்திலும் ஒருவர் இருக்கக்கூடும். நேரே அவர் வீட்டுக்கு எடுத்துப்போங்கள். அவர் கேட்கும் கூலியில் ஒரு வெள்ளிகூடக் குறைத்துக் கேட்காதீர்கள்.