சாவி எண்டாலும் திறக்கும்

கம்பஸில முதலாம் வருச இங்கிலிஷ் வகுப்பில நாங்கள் பழகின விளையாட்டு அது. 'ஹொட் சீற்' எண்டு பேர். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர், சனிக்கிழமைகளில் குடாநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலம் இருக்கிறனாங்கள். அதை அங்கே தமிழிலேயே விளையாடிப் பார்ப்பம் எண்டு வெளிக்கிட்டம்.

விளையாட்டு லேசு. வகுப்பை இரண்டு குழுவாகப் பிரிக்க வேணும். ஒரு பிள்ளை கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் இருக்கும். பலகையில் ஒரு சொல், அதுக்குக் கீழே சொல்லக்கூடாத இரண்டு சொல். குழு குறிப்புச் சொல்லச் சொல்ல, இருக்கிற பிள்ளை ஒரு நிமிசத்துக்குள் கண்டுபிடிக்க வேணும். 'பனங்கட்டி' எழுதி, 'பனை', 'இனிப்பு' இரண்டையும் தடுத்தம். "பிளேன்ரீக்குக் கடிக்கிறது!" எண்டு ஒரு பெடியன் கத்தின கத்தில பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்திட்டா. வாய் திறக்காத பிள்ளையள் எல்லாம் வாங்கில ஏறி நிண்டு கத்துதுகள். எங்களுக்குப் பெரிய புளுகம்.

கடைசிச் சுற்று. புள்ளி ஆறுக்கு ஆறு. பலகையில் 'திறப்பு' எண்டு எழுதினம். 'பூட்டு', 'கதவு' இரண்டும் தடை. கதிரையில் இருந்தது அட்டன் பக்கமிருந்து அந்த வருசம் வந்து சேர்ந்த பிள்ளை.

"வெளிக்கிடேக்க அம்மா கடைசியாத் தேடுறது!"

"சைக்கிளுக்கும் இருக்கு!"

அவ துள்ளி எழும்பி, "சாவி! சாவி!" எண்டா.

வகுப்பு கொல்லெண்டு சிரிச்சுது. மற்றக் குழுவில் ஒராள் "சாவியாம்!" எண்டு இழுத்துச் சொல்லிக் காட்டினான். நடுவர் நாங்கள்தான். பலகையில் உள்ள சொல்லைத்தான் சொல்ல வேணும் எண்டிட்டம். அவ அப்படியே நிண்டா. நேரம் முடிஞ்சுது. அடுத்த முறையில் மற்றக் குழு வெண்டிட்டுது.

மணி அடிச்சாப் பிறகு எங்களில் ஒராள் போய்க் கதைச்சா. "திறப்புன்னு தெரியும் அக்கா. எல்லாரும் சிரிச்சதும் வாயில வரல" எண்டு மட்டும் சொன்னாவாம்.

பஸ்ஸில வரேக்க எங்களுக்குள்ளே வாக்குவாதம். 'திறப்பு' நல்ல தமிழ், 'சாவி' போர்த்துக்கேயச் சொல், ஆனபடியால் நாங்கள் செய்தது சரி எண்டு ஒராள். சாவி போர்த்துக்கேயத்தில் இருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளை இருந்த கதிரை? மற்றதுகள் ஏறி நிண்ட வாங்கு? மேசை, யன்னல், அலுமாரி? எல்லாம் அதே வழியால் வந்ததுகள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிட்ட விழுந்தது. 1658 இல் ஒல்லாந்தர் அவையளைக் கலைச்சினம். ஆக்கள் போனாலும் சொல்லுகள் எங்கட வீட்டுக்குள்ளே இருந்திட்டுது. அட்டன் பிள்ளை 'நாற்காலி' எண்டு தனித் தமிழில் சொல்லியிருந்தாலும், 'கதிரை'தான் வேணும் எண்டு புள்ளியை வெட்டித்தான் இருப்பம். அப்ப நாங்கள் காத்தது தமிழை இல்லை, எங்கட ஊர்ப் பேச்சை.

அடுத்த சனி விதியை மாத்தினம். பொருள் சரியெண்டால் எந்த ஊர்ச் சொல்லுக்கும் புள்ளி. அதே பொருளுக்கு இன்னொரு சொல் சொன்னால் இன்னொரு புள்ளி. சொல்லுகளை நாங்கள் தெரியாமல், பிள்ளையளையே துண்டில் எழுதிப் போடச் சொன்னம். 'குசினி' வந்த உடனே 'அடுப்படி', 'சமையலறை' எண்டு வரிசையாக வந்துது. அந்தப் பிள்ளை முதல் அரை மணித்தியாலம் வாயே திறக்கேல்லை. பிறகு பின் வாங்கிலிருந்து ஒரு சொல் சொன்னா. மெதுவாத்தான். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

அவவின்ர குழு அண்டைக்கும் தோத்துத்தான் போச்சு. ஊர்ச் சொல்லைப் பழக்கத்தானே வேணும் எண்டு எங்களில் ஒராள் இப்பவும் சொல்லுறார். பழக்கலாம். ஆனால் அதுக்காக ஒரு பிள்ளையின்ர சரியான விடையைப் பிழை போட ஏலாது. இந்த விளையாட்டை வகுப்பில் வைக்க நினைக்கிறவை, யாருடைய சொல் பலகையில் ஏறப்போகுது எண்டதை முதலிலேயே யோசியுங்கோ. நாங்கள் பிந்தித்தான் யோசிச்சனாங்கள்.